வயல் கட்டும் பள்ளிச் செலவு

ஒரு சின்னக் கணக்கோடு தொடங்குவோம்.

அமெரிக்காவின் நடுப்பகுதியில், நெப்ராஸ்கா மாநிலத்தில் ஒரு சிற்றூர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்கு ஒரே பள்ளிக்கூடம். ஊருக்குள் ஓர் ஆசிரியர் குடும்பம் இருக்கிறது. அவர்கள் வீட்டின் மதிப்பு 3 லட்சம் டாலர். ஊருக்கு வெளியே ஒரு விவசாயக் குடும்பம். 1,000 ஏக்கர் மக்காச்சோள நிலம், ஏக்கர் 8,000 டாலர். இரு வீட்டுப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் படிக்கிறார்கள். பள்ளிக்கான சொத்து வரி, 100 டாலர் மதிப்புக்கு 60 சென்ட். ஆசிரியர் வீட்டுக்கு ஆண்டுக்கு 1,800 டாலர் வருகிறது. விளைநிலத்தை அந்த மாநிலச் சட்டம் சந்தை விலையில் 75 சதவீதத்துக்குத்தான் மதிப்பிடுகிறது. அந்தச் சலுகை போக விவசாயி தன் வயலுக்குக் கட்ட வேண்டியது 36,000 டாலர். குடியிருக்கும் வீட்டுக்கு உள்ளது தனி.

இருபது மடங்கு. பிள்ளைகள் என்னவோ அதே பெஞ்சில்தான் உட்கார்கிறார்கள்.

விவசாயி தரப்பில் கேட்டால் கணக்கு இப்படிப் போகும்: நன்றாக விளைந்த ஆண்டில் ஏக்கருக்கு 200 புஷல் (அமெரிக்கத் தானிய அளவை), புஷல் 4 டாலருக்குப் போனால் 800 டாலர். விதை, உரம், டீசல், இயந்திரத் தவணை எல்லாம் போக மிஞ்சுவது சில ஆண்டுகளில் ஒன்றுமே இல்லை. மழை பெய்தாலும் பொய்த்தாலும் ஏக்கருக்கு 36 டாலர் வரி மட்டும் மாறாது. ஆசிரியர் தரப்பிலும் ஒரு கணக்கு உண்டு: 80 லட்சம் டாலர் சொத்து வைத்திருப்பவரும், வங்கிக் கடனில் ஒரு வீடு வைத்திருப்பவரும் ஒரே அளவு கட்ட வேண்டும் என்று எந்த தர்மம் சொல்கிறது? அதுவும் போக, ஒமாஹா நகரத்துக்காரர்கள் 100 டாலருக்கு ஒரு டாலருக்கு மேல் கட்டும்போது இந்த ஊரில் விகிதம் 60 சென்ட்தானே?

இந்த இரண்டு கணக்கிலும் பிழை இல்லை. எந்தக் கணக்கை முதலில் வைப்பது என்பதில்தான் நெப்ராஸ்காவின் சட்டமன்றம் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக முட்டி மோதிக்கொண்டிருக்கிறது. அமெரிக்காவில் ஒற்றை அவை கொண்ட ஒரே மாநிலச் சட்டமன்றம் அது; வேட்பாளர்கள் கட்சிப் பெயர் இல்லாமல் வாக்குச் சீட்டில் நிற்பார்கள். பள்ளிப் பண விவகாரம் வந்துவிட்டால் 49 உறுப்பினர்களும் கட்சி பார்த்துப் பிரிவதைக் காட்டிலும் நகரம், நாட்டுப்புறம் என்று பிரிவதே அதிகம்.

நிலத்துக்கும் பள்ளிக்கும் இந்த முடிச்சு விழுந்தது 1785-ஆம் ஆண்டு. மேற்கே இருந்த நிலத்தை அளந்து விற்பதற்காக அமெரிக்கக் காங்கிரஸ் அந்த ஆண்டு ஒரு சட்டம் போட்டது. நிலம் ஆறு மைலுக்கு ஆறு மைல் டவுன்ஷிப்புகளாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு டவுன்ஷிப்பிலும் 640 ஏக்கர் கொண்ட 36 சதுரங்கள். அவற்றில் 16-ஆம் எண் சதுரம் பள்ளிக்கூடத்துக்கு என்று எழுதி வைத்தார்கள். 1867-ல் நெப்ராஸ்கா தனி மாநிலமானபோது அதற்கு 16, 36 என்ற இரண்டு சதுரங்கள் கிடைத்தன. பல மாநிலங்கள் இப்படி வந்த பள்ளி நிலத்தை வந்த விலைக்கு விற்றுத் தீர்த்துவிட்டன. நெப்ராஸ்கா இன்னமும் சுமார் 12.5 லட்சம் ஏக்கரை வைத்துக்கொண்டு விவசாயிகளுக்கும் கால்நடைப் பண்ணைக்காரர்களுக்கும் குத்தகைக்கு விடுகிறது. குத்தகைப் பணம் பள்ளிகளுக்குப் போகிறது. கோயில் நிலம் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்த ஏற்பாடு எளிதில் விளங்கும். ஆனால் இன்றைய பள்ளிச் செலவில் அந்த வருமானம் ஒரு துளி. மீதியை யாரோ கட்டித்தான் ஆக வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்த யாரோ, பெரும்பாலும் பக்கத்து வயல்காரர்.

அன்றைக்கு அதில் அநியாயம் எதுவும் இல்லை. ஊரில் எல்லோரும் உழுதார்கள். யாரிடம் எவ்வளவு நிலம் என்று பார்த்தால் யாருக்கு எவ்வளவு வருமானம் என்று தெரிந்துவிடும். மாநில வருமான வரி என்று ஒன்று அங்கே நடைமுறையில் இல்லாத காலம் அது. நிலவரிதான் வருமான வரியின் வேலையைச் செய்தது. கஷ்டம் எங்கே வந்தது என்றால், ஊரின் வருமானம் நிலத்தைவிட்டு வெளியே போன பிறகும் வரி மட்டும் நிலத்திலேயே நின்றுவிட்டது. மருத்துவர், வழக்கறிஞர், காப்பீட்டு நிறுவன ஊழியர், ஒமாஹாவின் பங்குத் தரகர் எல்லோருக்கும் பெரிய வருமானம் வந்தது. அவர்களிடம் நிலம் இல்லை.

நெப்ராஸ்கா மக்கள் இதை உணராமல் இல்லை. 1966-ல் நடந்த பொது வாக்கெடுப்பில், மாநில அரசு தன் செலவுக்குச் சொத்து வரி வசூலிக்கவே கூடாது என்று அரசியல் சட்டத்தில் எழுதி வைத்தார்கள். வேறு வழியில்லாமல் மறு ஆண்டு அரசு வருமான வரியையும் விற்பனை வரியையும் கொண்டுவந்தது. இதில் ஒரு விசித்திரம் பாருங்கள்: மாநிலத்துக்குத் தடை வந்தது; பள்ளிகளை நடத்தும் உள்ளூர் அமைப்புகளான பள்ளி மாவட்டங்களுக்கும், கவுண்டி எனப்படும் வட்டார நிர்வாகங்களுக்கும் தடை இல்லை. அதனால் நவீன வரிகள் இரண்டும் தலைநகர் லிங்கனுக்குப் போயின. பழைய வரி பள்ளிக்கூடத்தின் தலையில் தங்கியது. இன்றும் அந்த மாநிலத்தில் வசூலாகும் சொத்து வரியில் ஏறத்தாழ 60 சதவீதம் பள்ளிகளுக்குத்தான் போகிறது.

சொத்து வரியை நம்பிய பள்ளிகளின் அநீதி என்றாலே அமெரிக்காவில் முதலில் நினைவுக்கு வருவது டெக்சாஸ் வழக்கு. சான் அன்டோனியோ நகரில் எட்ஜ்வுட் என்ற ஏழைப் பள்ளி மாவட்டம். அதே நகரத்தில் ஆலமோ ஹைட்ஸ் என்ற பணக்கார மாவட்டம். எட்ஜ்வுட்காரர்கள் 100 டாலருக்கு 1.05 டாலர் விகிதத்தில் கட்டினார்கள். மாணவர் ஒருவருக்கு 26 டாலர் உள்ளூர்ப் பணம் சேர்ந்தது. ஆலமோ ஹைட்ஸ்காரர்கள் 85 சென்ட்தான் கட்டினார்கள். சேர்ந்தது 333 டாலர். டெமெட்ரியோ ரோட்ரிகஸ் என்ற தந்தையும் மற்றப் பெற்றோரும் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1973-ல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அவர்கள் தோற்றார்கள். கூட்டாட்சி அரசியல் சட்டத்தில் கல்வி அடிப்படை உரிமை என்று சொல்லப்படவில்லை என்றது பெரும்பான்மைத் தீர்ப்பு. அதோடு மத்திய நீதிமன்றக் கதவு அடைபட்டது. அதற்குப் பிறகு சண்டை எல்லாம் மாநில நீதிமன்றங்களிலும் சட்டமன்றங்களிலும்தான்.

எட்ஜ்வுட்டில் வீடும் எளியது, ஆளும் எளியவர். நாட்டுப்புற நெப்ராஸ்காவில் படம் தலைகீழ்: மண் பணக்காரத்தனமாக இருக்கிறது, அதில் வேலை செய்பவர் கையில் காசு இல்லை. மாணவர்களோ மிகக் குறைவு. மணற்குன்றுப் பகுதியான சாண்ட்ஹில்ஸில் ஆர்தர், மெக்பெர்சன் போன்ற கவுண்டிகளில் ஒவ்வொன்றிலும் 500 பேர்கூட இல்லை. பதினொரு பேர் சேர ஆள் இல்லாததால் பல பள்ளிகள் எட்டு பேர், ஆறு பேர் வைத்தே அமெரிக்கக் கால்பந்து ஆடுகின்றன. அதற்கென்று தனி விதிகளும் போட்டிகளும் உண்டு. நிலத்தின் மொத்த மதிப்பை அந்தச் சொற்ப மாணவர்களால் வகுத்துப் பார்த்தால், தாளில் அவர்கள் மாநிலத்திலேயே பணக்காரப் பிள்ளைகளாகத் தெரிவார்கள்.

இந்தத் தாள் கணக்குதான் 1990-க்குப் பிறகு பெரிய வினையானது.

அந்த ஆண்டு நெப்ராஸ்கா சட்டமன்றம் பள்ளி உதவிச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. நோக்கம் நல்ல நோக்கம்: விற்பனை வரியை 4 சதவீதத்திலிருந்து 5 ஆக்குவது, வருமான வரியையும் கூட்டுவது, அந்தப் பணத்தைக் கொண்டு சொத்து வரியைக் குறைப்பது. எதிர்த்தவர்கள் அதை மக்கள் வாக்கெடுப்புக்கு இழுத்தார்கள். மக்கள் சட்டத்தைக் காப்பாற்றினார்கள். உதவி கணக்கிடும் முறை எளிது. ஒரு பள்ளி மாவட்டத்துக்கு எவ்வளவு தேவை? உள்ளூரில் நியாயமான விகிதத்தில் வரி போட்டால் எவ்வளவு திரட்ட முடியும்? முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் வரும் பள்ளத்தை மாநிலம் நிரப்பும். காகிதத்தில் இதைவிட நியாயமான முறை இருக்க முடியாது. ஆனால் இரண்டாவது எண், நிலத்தின் விலையைப் பார்த்துப் போடுவது. நிலவிலை ஏறினால் ஊரின் சக்தி ஏறிவிட்டதாகக் கணக்கு எடுத்துக்கொள்ளும். உதவி அந்த அளவு இறங்கும்.

நிலவிலை ஏறியது. சும்மா ஏறவில்லை. 2005-லும் 2007-லும் மத்திய அரசு கொண்டுவந்த சட்டங்கள் பெட்ரோலில் எத்தனால் கலப்பதைக் கட்டாயமாக்கின. நாட்டில் விளையும் மக்காச்சோளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எத்தனால் ஆலைக்குப் போகத் தொடங்கியது. 2012-ல் பெரும் வறட்சி. அந்தக் கோடையில் புஷல் விலை 8 டாலரைத் தாண்டியது. வங்கி வட்டியோ தரையைத் தொட்டிருந்தது. 2010-க்கும் 2014-க்கும் இடையில் நெப்ராஸ்கா விளைநிலத்தின் சராசரி விலை ஏறத்தாழ இரண்டு மடங்கானது. பிறகு 2014 இலையுதிர்காலத்தில் மக்காச்சோளம் 4 டாலருக்குக் கீழே இறங்கிவிட்டது. நிலவிலை அந்த வேகத்தில் இறங்கவில்லை. மதிப்பீட்டு அதிகாரிகள் பின்னோக்கி மூன்று ஆண்டு விற்பனையைப் பார்த்தே மதிப்பு போடுவதால், வயலில் வருமானம் விழுந்த பிறகும் வரிச் சீட்டில் எண் ஏறிக்கொண்டே போனது. அதே சமயம் மாநில உதவியும் நின்றது. 244 பள்ளி மாவட்டங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குக்கு பள்ளத்தை நிரப்பும் அந்த உதவி ஒரு டாலர்கூட இல்லை என்ற நிலை வந்தது. அவற்றில் மிகப் பெரும்பாலானவை நாட்டுப்புற மாவட்டங்கள்.

அப்போது எழுந்த குமுறல்தான் இன்னும் அடங்கவில்லை.

ஆனால் குமுறுவது யார் என்பதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். விவசாயி என்று ஒரே சொல்லில் எல்லோரையும் கட்டிவிடுகிறோம். பக்கத்து மாநிலமான அயோவாவில் பாதிக்கும் மேற்பட்ட விளைநிலத்தை உழுபவர் வேறு, உடையவர் வேறு, எல்லாம் குத்தகை. நிலத்தில் பாதிக்கும் மேல் 65 வயது தாண்டியவர்கள் கையில் இருக்கிறது. பலர் உழவை விட்டு எத்தனையோ ஆண்டுகள் ஆகின்றன. குளிர்காலத்துக்கு அரிசோனாவில் வீடு வைத்திருப்பவர்களும் உண்டு. நெப்ராஸ்காவின் பெரிய நில உடைமையாளர்கள் பட்டியலில் சிஎன்என் தொலைக்காட்சியைத் தொடங்கிய டெட் டர்னர் பெயர் நெடுங்காலம் முதலிடத்தில் இருந்தது. மார்மன் திருச்சபைக்கும் பில் கேட்ஸுக்கும் அங்கே நிலம் உண்டு. சொத்து வரியைக் குறைத்தால் முதலில் லாபம் இவர்களுக்குத்தான். குத்தகைக்காரருக்கு என்ன கிடைக்கும்? வரி குறைந்த நிலத்துக்குப் போட்டி கூடும், விலை கூடும். கொஞ்ச காலத்தில் குத்தகையும் அதன் பின்னாலேயே ஏறிவிடும். நிலம் வாங்க நினைக்கும் இளைஞருக்கு வரிக் குறைப்பு கூடுதல் விலையாகத்தான் வந்து சேரும். பொருளாதாரம் படித்தவர்கள் நூறாண்டுக்கு மேலாகச் சொல்லிவரும் விஷயம் இது. வரிக் குறைப்புக் கூட்டங்களில் மட்டும் எவரும் சத்தமாகச் சொல்வதில்லை.

அதே பெரும் உடைமையாளர்களால் எதிர்ப்பக்கத்து அச்சமும் வெளிவந்தது. 2021-ல் டர்னர் தன் மெக்கின்லி பண்ணையை லாப நோக்கமில்லாத ஆய்வு அமைப்புக்கு விடுவதாக அறிவித்தபோது சாண்ட்ஹில்ஸ்காரர்கள் முதலில் கேட்ட கேள்வி பறவைகளைப் பற்றியோ காட்டெருமைகளைப் பற்றியோ இல்லை. வரி என்னாகும் என்பதுதான். அந்த அமைப்பு வரிவிலக்கு வாங்கிக்கொண்டால் பள்ளிக்கு விழும் ஓட்டையை மிச்சமிருக்கும் பண்ணைக்காரர்கள்தான் அடைக்க வேண்டும். சொத்து வரி தொடர்ந்து கட்டப்படும் என்று அந்த அமைப்பு உறுதி சொல்ல வேண்டி வந்தது. நிலவரியைத் திட்டுகிற ஊரே அது நின்றுவிடுமோ என்று நடுங்கிய தருணம் அது.

சந்தை விலைக்குப் பதிலாக விளைச்சலைப் பார்த்து வரி போடலாமே என்று இந்த இடத்தில் யாராவது கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அயோவா, கன்சாஸ், இல்லினாய், தெற்கு டகோட்டா எல்லாம் அதைத்தான் செய்கின்றன. இந்த மண்ணில் எவ்வளவு விளையும், என்ன விலை போகும், என்ன செலவாகும் என்று பல ஆண்டுச் சராசரி எடுத்து அதன்மேல் வரி. நஞ்சை, புஞ்சை என்று பிரித்து, மண்ணுக்குத் தரம் போட்டு, தீர்வை கட்டிய பரம்பரைக்கு இது புதுமையாகத் தோன்றாது. ரயத்துவாரி செட்டில்மென்ட் பதிவேடுகள் இதே யோசனையில் எழுதப்பட்டவைதான். இப்படி ஒரு பாதுகாப்பு ஏன் தேவை என்பதற்கு அயோவாவின் ஒரு கணக்கு போதும்: அங்கே 1981-ல் ஏக்கர் சராசரி 2,147 டாலராக இருந்த நிலம் 1986-ல் 787 டாலருக்கு வந்தது. பள்ளிக்கூடத்தின் சம்பளப் பட்டியலை அப்படி ஆடுகிற ஒரு விலைமேல் நிறுத்தினால் என்னாகும்?

விளைச்சல் மதிப்பீட்டிலும் கோல்மால் உண்டு. புளோரிடாவில் கட்டடம் கட்டக் காத்திருக்கும் நிலத்தில் நாலு மாடுகளை வாடகைக்குக் கொண்டுவந்து மேயவிட்டு, இது விவசாய நிலம் என்று வரிச் சலுகை வாங்கும் ரியல் எஸ்டேட்காரர்கள் ஊரறிந்த வேடிக்கை. டெக்சாஸில் ஐந்து முதல் இருபது ஏக்கர் வரை இருந்தால் தேனீப் பெட்டி வைத்தே அந்தச் சலுகையைப் பெறலாம். தேனீக்கள் பாவம், பள்ளிக்கூட பட்ஜெட் அவற்றுக்கு என்ன தெரியும்.

நிலத்தைப் பள்ளிச் செலவிலிருந்து ஒரேயடியாக எடுத்துவிட முயன்ற மாநிலம் மிச்சிகன். அங்கே வடக்கே கால்காஸ்கா என்ற சிற்றூரில் வரி உயர்வுத் தீர்மானத்தை வாக்காளர்கள் மறுபடி மறுபடி தோற்கடித்தார்கள். 1993 மார்ச் மாதம் பணம் தீர்ந்தது. கல்வியாண்டு முடிய வாரக்கணக்கில் இருக்கும்போதே பள்ளிகளை மூடிவிட்டார்கள். நாடு முழுக்கச் செய்தியானது. அந்தக் கோடையில் சட்டமன்றம், பள்ளிகளின் அன்றாடச் செலவுக்கான சொத்து வரியையே ரத்து செய்தது. பதிலுக்கு என்ன என்று முடிவு செய்யாமலே ரத்து செய்தது. 1994 மார்ச்சில் மக்கள் வாக்களித்து விற்பனை வரியை 4 சதவீதத்திலிருந்து 6 ஆக உயர்த்திக்கொண்டார்கள். புதிய ஏற்பாட்டில் குடியிருக்கும் வீட்டுக்கும் விளைநிலத்துக்கும் உள்ளூர்ப் பள்ளி இயக்க வரி கிடையாது. கடைகளுக்கும் ஆலைகளுக்கும் இரண்டாவது வீடுகளுக்கும் உண்டு. கட்டடம் கட்ட வாங்கும் கடனுக்கு எல்லோர் சொத்தும் பழையபடி பொறுப்பு.

வெர்மான்ட் வேறு வழி போனது. 1997-ல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் பழைய முறையைச் செல்லாது என்றதும், சில மாதங்களில் சட்டமன்றம் மாநிலம் முழுவதற்கும் ஒரே பள்ளிச் சொத்து வரியைக் கொண்டுவந்தது. பனிச்சறுக்கு விடுதிகள் உள்ள பணக்கார ஊர்களின் பணம் பொதுப் பெட்டிக்குப் போனது. சாதாரணக் குடும்பங்கள் தங்கள் வீட்டுக்கு, வருமானத்தைப் பார்த்து அளவோடு கட்டலாம். பணக்கார ஊர்களில் கோபம் கொதித்தது. நாவலாசிரியர் ஜான் இர்விங் எதிர்ப்பாளர்களில் முன்வரிசையில் நின்றார், தனியார் பள்ளி தொடங்கவும் துணைநின்றார். நெப்ராஸ்கா இந்த வழியில் போக முடியாது. 1966-ல் அரசியல் சட்டத்தில் எழுதிய வாசகம் தடுக்கிறது.

மினசோட்டாவுக்கு வருவோம். இந்த விவகாரத்தில் அதிக அக்கறையோடு பார்க்க வேண்டிய மாநிலம் அதுதான். 1971-லேயே ஆளுநர் வெண்டல் ஆண்டர்சன் காலத்தில் பள்ளிச் செலவின் பெரும் பங்கை மாநிலம் தன் தோளில் ஏற்றுக்கொண்டது. அதற்கு மேல் உள்ளூர்க்காரர்கள் வாக்களித்துக் கூட்டிக்கொள்ளும் அன்றாடச் செலவு வரியில் விளைநிலம் சேராது. விவசாயியின் வீடும் அதைச் சுற்றிய ஒரு ஏக்கரும் மட்டும் சேரும். மிஞ்சியது கட்டடக் கடன். அதில் வயல் முழுசாகச் சிக்கிக்கொண்டது. பள்ளிக் கட்டடம் ஒழுகுகிறது, புதிதாகக் கட்ட வேண்டும் என்று வாக்கெடுப்பு வைத்தால், ஊருக்குள் இருப்பவர் ஆண்டுக்குச் சில நூறு டாலரோடு தப்பிவிடுவார். வயல்காரருக்குப் பல ஆயிரம் வரும். அவர் எதிர்ப்பார், தீர்மானம் தோற்கும், கூரை தொடர்ந்து ஒழுகும். வெளியூரில் இருக்கும் நில உடைமையாளருக்கோ வரிச் சீட்டு வரும், வாக்குச் சீட்டு வராது.

2017-ல் மினசோட்டா இதற்கு ஒரு தைலம் கண்டுபிடித்தது. பள்ளிக் கட்டடக் கடனுக்காக விளைநிலத்தின்மேல் விழும் வரியில் 40 சதவீதத்தை மாநிலமே கட்டிவிடும். யாரும் மனுப் போட வேண்டாம். வரிச் சீட்டிலேயே கழிந்து வரும். பிறகு அந்தப் பங்கு படிப்படியாக ஏறி 2023 முதல் 70 சதவீதமாகியிருக்கிறது. ஏக்கருக்கு 10 டாலர் வர வேண்டிய இடத்தில் விவசாயி 3 டாலர் கட்டுகிறார். 7 டாலர் மாநிலக் கஜானாவிலிருந்து வருகிறது. அரிசோனாவில் குளிர்காயும் நில உடைமையாளருக்கும் இதில் லாபம் போகத்தான் செய்கிறது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் மாநிலத்தின் பணம் ஊரில் பள்ளி எழும்பினால் மட்டுமே வெளியே வரும். கட்டடம் இல்லையேல் கடன் இல்லை. கடன் இல்லையேல் சலுகை இல்லை.

நெப்ராஸ்கா செய்ததை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 2020-ல் அங்கே ஒரு சட்டம் வந்தது: பள்ளிக்குச் சொத்து வரி கட்டியவர்கள் அதில் ஒரு பகுதியை வருமான வரிப் படிவத்தில் கேட்டுத் திரும்பப் பெறலாம். கேட்க வேண்டும் என்பதே பலருக்குத் தெரியவில்லை; படிவம் நிரப்பாமல் நிறையப் பணம் கிடந்தது. பன்றிப் பண்ணை நடத்தி வளர்ந்த ஜிம் பில்லன் ஆளுநரான பிறகு, 2024 ஜூலையில் சிறப்புக் கூட்டத்தொடர் கூட்டினார். விற்பனை வரி விலக்குகள் பலவற்றை நீக்கி, பள்ளிச் செலவைப் பெருமளவு மாநிலமே ஏற்க வேண்டும் என்பது அவர் திட்டம். பெரும்பகுதி நிறைவேறவில்லை. கடைசியில் நிறைவேறியது, அந்தத் திரும்பப் பெறும் தொகையை வரிச் சீட்டிலேயே கழித்துவிடும் ஏற்பாடு. படிவத் தொல்லை போயிற்று, நல்லதுதான். ஆனால் இந்தப் பணம் எங்கே போகிறது என்று பாருங்கள். நில உடைமையாளரின் பைக்குப் போகிறது. பள்ளிக்கூடத்துக்கு முன்பு வந்த அதே தொகைதான் இப்போதும் வருகிறது. ஓர் ஆசிரியர் கூடவில்லை, ஒரு பேருந்து கூடவில்லை.

அதே நெப்ராஸ்கா 2023-ல் செய்த வேறொரு காரியம் இதைவிடப் பல மடங்கு உருப்படியானது. எந்த மாவட்டமானாலும், நிலம் எவ்வளவு விலை போனாலும், மாணவர் ஒருவருக்கு 1,500 டாலர் அடிப்படை உதவி என்று சட்டம் போட்டார்கள். சிறப்புக் கல்விச் செலவில் மாநிலத்தின் பங்கை 80 சதவீதம் வரை கொண்டுபோக முடிவு செய்தார்கள். பழைய உதவிக் கணக்கில் பூஜ்யம் வாங்கிக்கொண்டிருந்த நாட்டுப்புறப் பள்ளிகளுக்கு அரசுப் பணம் மறுபடி கண்ணில் பட்டது. பிள்ளையைப் பார்த்துக் கொடுக்கும் பணம் பள்ளிக்கு வந்து சேர்கிறது. அதனால் வரி விகிதம் குறைந்தால் அது அடுத்தபடி. இந்தச் சொற்பொழிவின் வாதம் இதுதான்: நிலத்தின் பாரத்தை இறக்குவது நியாயம், ஆனால் இறக்கும் பணம் பள்ளிக்கூடத்தின் வாசல் வழியாகப் போக வேண்டும். ஆசிரியர் சம்பளம் போன்ற அன்றாடச் செலவு வருமான வரியிலிருந்தும் விற்பனை வரியிலிருந்தும் வரட்டும். கட்டடம் ஊரிலேயே நிற்கும், ஊரின் நிலத்துக்கு மதிப்பும் கூட்டும். அதில் நிலத்துக்கு ஒரு பங்கு இருப்பதில் தவறில்லை. நெப்ராஸ்காவிலும் 2022 முதல் புதிய பள்ளிக் கடன் பத்திரங்களுக்கு விளைநிலத்தை 50 சதவீத மதிப்பில் எடுக்கிறார்கள், திசை சரிதான்.

மாநிலம் பணம் கொடுத்தால் கடிவாளமும் அதன் கைக்குப் போய்விடாதா? நாட்டுப்புறத்தில் இந்தப் பயம் வேரோடியது, காரணத்தோடு. நெப்ராஸ்காவில் ஒரு காலத்தில் 6,000-க்கும் மேற்பட்ட பள்ளி மாவட்டங்கள் இருந்தன. பெரும்பாலும் ஓரறைப் பள்ளிகள். இணைத்து இணைத்துக் குறைந்தபின்னும், எட்டாம் வகுப்பு வரை மட்டுமே உள்ள சிறு மாவட்டங்கள் இரு நூற்றுக்கும் மேல் மிஞ்சியிருந்தன. 2005-ல் ஆளுநர் டேவ் ஹைன்மன் மறுத்துத் திருப்பி அனுப்பியும், சட்டமன்றம் அவற்றைக் கலைக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. 2006 ஜூனில் அவை கலைக்கப்பட்டன. அதே ஆண்டு நவம்பரில் மக்கள் வாக்களித்து அந்தச் சட்டத்தை ரத்து செய்தார்கள். சட்டம் செத்தது, மாவட்டங்கள் திரும்ப உயிர்பெறவில்லை. அந்தச் சிறு மாவட்டங்களின்மேல் இருந்த பாசத்தில் குறைந்த வரியின் பங்கும் கொஞ்சம் உண்டு என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

கடிவாளம் பற்றித் தமிழ்நாட்டு அனுபவம் ஒரு தகவலாகப் பயன்படும். சென்னை மாகாணத்தில் 1871-ஆம் ஆண்டுச் சட்டப்படி நிலத்தின்மேல் செஸ் என்ற கூடுதல் வரி ஒன்றைத் தனியாக வசூலித்துத்தான் சாலையும் பள்ளியும் நடத்தினார்கள். 1920-ஆம் ஆண்டுத் தொடக்கக் கல்விச் சட்டம் உள்ளாட்சிகள் கல்வி வரி போட வழி செய்தது. இன்றைக்கு அரசுப் பள்ளி ஆசிரியர் சம்பளம் மாநிலக் கஜானாவிலிருந்து வருகிறது. திருவாரூர் வயலின் விலைக்கும் அந்த ஊர்ப் பள்ளியில் எத்தனை ஆசிரியர் என்பதற்கும் தொடர்பு கிடையாது. அதற்குப் பதிலாக, ஆசிரியர் நியமனத்தில் கிராமத்துக்குக் குரல் கிடையாது.

நெப்ராஸ்காக்காரர்களின் பழைய சந்தேகத்துக்கும் உயிர் இருக்கிறது. மாநிலப் பணம் மாநிலத்தின் நல்ல காலத்தில் வாக்குறுதியாகத் தரப்படும். கெட்ட காலத்தில் முதலில் வெட்டப்படும். 2023-ல் பள்ளிகளுக்கென்று 100 கோடி டாலர் நிதியம் ஒன்றைத் தனியாக ஒதுக்கியதே இந்தப் பயத்தைத் தணிப்பதற்காகத்தான். 2025-ல் மாநில பட்ஜெட்டில் பள்ளம் விழுந்தபோது, சொத்து வரிக் கழிவுக்கும் பள்ளி உதவிக்கும் ஒரே கஜானாதான் என்பது எல்லோருக்கும் உறைத்தது. அதற்கு முந்தைய நவம்பரில் பக்கத்து வடக்கு டகோட்டாவில் சொத்து வரியையே ஒழிக்கும் தீர்மானம் வாக்கெடுப்புக்கு வந்தது. எண்ணெய் வருமானம் உள்ள மாநிலம், விவசாயிகள் நிறைந்த மாநிலம். அங்கேயே அதை மக்கள் பெரும் வித்தியாசத்தில் தோற்கடித்தார்கள். 2012-லும் இதையே செய்திருந்தார்கள். வரியின்மேல் கோபம் இருக்கிறது. அது போய்விட்டால் ஊர்ப் பள்ளிக்குப் பணம் எந்தக் கதவைத் தட்டி வரும் என்ற கணக்கும் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.